பால்புதுமை அகதிகளுக்கு உதவ வருகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்குவதற்கான வழிகாட்டி

தும்பலஅள்ளி, நாகாவதி, கேசர்குளி, பாம்பாறு, கெலவரப்பள்ளி. இந்த இரண்டு மாவட்டங்களின் இலங்கைத் தமிழர் முகாம்கள் பலவும் அணைகளின் பெயரால்தான் அறியப்படுகின்றன. 2021-ல் தமிழக அரசு இவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் முகாம் வாழ்க்கையின் அடிப்படை மாறவில்லை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, தண்ணீர் பிடிக்கும் இடம் பொதுவானது, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் வாழும் ஒரு திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர் அல்லது இடைப்பாலினருக்கு உதவ முன்வரும் தன்னார்வலர், சட்டத் துணைப் பணியாளர், ஆசிரியர், செவிலியர் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். பால்புதுமையினர் என்று நாங்கள் சொல்வது இவர்களைத்தான்: திருநர், தன்பாலீர்ப்பாளர், இடைப்பாலினர். ஓசூரில் வாடகை அறையில் இருக்கும் வேறு நாட்டு அகதிகளுக்கும் இதில் ஒரு பகுதி உண்டு.

ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் இப்போது செய்யப்போவதால் இந்த விஷயம் புதிதாக யாருக்குத் தெரியவரும்? மனு, போன் அழைப்பு, மருத்துவமனைச் சீட்டு, வீட்டுக்குப் போவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெளியே போன தகவலைத் திரும்பப் பிடிக்க முடியாது. மற்ற பிழைகளைப் பெரும்பாலும் திருத்திவிடலாம்.

முதலில்: உங்கள் முன் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார்?

‘அகதி’ என்று எல்லோரையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒன்றல்ல. முகாமில் பதிவு பெற்ற இலங்கைத் தமிழரை மாநில அரசு நேரடியாகக் கவனிக்கிறது. வருவாய்த் துறை பதிவேட்டை வைத்திருக்கும், தமிழகக் காவல் துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவு கண்காணிக்கும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை பணம் தரும். முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டவர், உதவித்தொகை கிடையாது. ஆப்கானிஸ்தான், மியான்மர், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களின் அகதி நிலையை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் டெல்லி அலுவலகம் தீர்மானிக்கிறது. அதே ஆணையத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழருக்கு அதன் முக்கியப் பணி, விரும்பி நாடு திரும்புவோருக்கு உதவுவது.

இந்தியா 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறையில் இருக்கிறது. அதன் விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. இதில் ‘பதிவு செய்துகொண்ட’ என்ற நிபந்தனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவு போனால் அந்த விலக்கைக் கோரும் அடிப்படையே ஆட்டம் காணும்.

அரசியலமைப்பின் 14, 21-ம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல, இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உரியவை. சக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டவரின் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் கடமை அரசுக்கு உண்டென்று உறுதியாகச் சொன்னது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றத்தின் 2014-ம் ஆண்டுத் தீர்ப்பு திருநர்களின் பாலின அடையாளத்தை ஏற்றது. அதன் 2018 செப்டம்பர் 6 தீர்ப்போடு ஒருபாலுறவு குற்றமல்ல என்றானது. “நீங்க இந்த நாட்டுக்காரங்க இல்லையே, உங்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் எப்படி?” என்று யாராவது கேட்டால் பதில் இதுதான்.

முதல் பேச்சு

முகாமுக்குள் பேசாதீர்கள். முகாம் வாசலில் இருக்கும் டீக்கடையிலும் பேசாதீர்கள். வெளியாள் ஒருவர் முகாம் இளைஞர் ஒருவரோடு தனியாக அரை மணி நேரம் பேசினால், சாயங்காலத்துக்குள் முகாம் தலைவர் காதுக்கும் கியூ பிரிவுக்காரர் காதுக்கும் போய்விடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நல்ல மறைப்பு. மாவட்டமே மனுவோடு வந்து நிற்கும் நாளில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியும் அப்படியே. “ஏன் போனாய்?” என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பதில் கையில் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

“நீங்க கே-யா?”, “நீங்க திருநங்கையா?” என்று கேட்க வேண்டாம். “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்பதே முதல் கேள்வி. நம் ஊரில் பேச்சு தம்பி, அக்கா, அண்ணா என்று உறவுமுறையோடுதான் தொடங்கும். தவறான உறவுமுறையால் அழைக்கப்பட்டே வளர்ந்த ஒருவருக்கு அந்த முதல் சொல்லிலேயே கதவு மூடிக்கொள்ளும். அவர் தனக்கு என்ன பெயர் சொல்கிறாரோ அதையே தனியே இருக்கும்போது பயன்படுத்துங்கள். வீட்டாரின் முன்னால் எந்தப் பெயரில் அழைப்பது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது புதுப் பெயரால் கூப்பிட்டு, அன்றே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறார்கள்.

அடுத்து போன். பல வீடுகளில் போன் பொதுவானது, சிம் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். நீங்களாக அழைக்காதீர்கள், அவர் மிஸ்டு கால் கொடுத்தால் மட்டும், பேசிவைத்த நேரத்தில் அழையுங்கள். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். “தையல் வகுப்பு விஷயமா” என்பது போல அந்த வீட்டுக்குப் பொருந்தும் ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் தானாக அழியும் செய்தி அமைப்பை இருபக்கமும் போட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்புத் திரையில் செய்தி தெரியாதபடி மாற்றிக்கொடுங்கள்.

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கும் முன் ஒரு விதிவிலக்கை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பேசுபவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்து, பாலியல் வன்முறை நடந்ததாகச் சொன்னால், போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு அதைத் தெரிவிக்கும் கடமையை உங்கள் மேல் வைக்கிறது. சிறுவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு என்பதே வழி. நீங்களே ஒரு சிறுவரை எங்காவது கொண்டுபோய்த் தங்கவைக்கக் கூடாது. கடத்தல் வழக்கில் போய் முடியும்.

ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது?

இன்று ராத்திரிக்கு அவர் எங்கே தூங்கப்போகிறார் என்று கேளுங்கள். அடுத்து, கல்யாணப் பேச்சு நடக்கிறதா, அடிக்கிறார்களா, பூட்டிவைக்கிறார்களா, மந்திரவாதியிடமோ ஜெபக் கூட்டத்துக்கோ ‘சரிசெய்ய’ அழைத்துப் போகிறார்களா, செயலியில் பழகிய ஒருவர் படத்தை வைத்து மிரட்டிப் பணம் கேட்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசும்.

வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு, தன்பாலீர்ப்புப் பெண்ணுக்கும் சேர்த்து, 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பயன்படும். அப்பா மேலும் அண்ணன் மேலும்கூட அதில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்தால், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான சகி மையத்தில் சில நாள் தங்க இடம் கிடைக்கும். திருநங்கையை அனுப்புவதாக இருந்தால் ஏற்பார்களா என்று முன்பே போனில் கேளுங்கள். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் அந்த மனம் மறுபடி யாரையும் நம்பாது.

வீட்டை விட்டுப் போவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும். எங்கள் மாவட்டங்களில் அதிகம் கோட்டை விடப்படுவது இதுதான். முகாமில் ஆள் சரிபார்ப்பு நடக்கும். அந்த நாளில் ஆள் இல்லையென்றால் முதலில் உதவித்தொகை நிற்கும். தொடர்ந்து இல்லையென்றால் பெயரே பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம். சேலத்துக்கோ பெங்களூருக்கோ திருநங்கையர் சேர்ந்து வாழும் ஜமாத்தில் சேரப்போகும் ஒரு திருநங்கை இதைப் பற்றி யோசிப்பதில்லை. அன்றைய பயம் அப்படி. ஆறு மாதம் கழித்து, இலங்கைப் பதிவும் இல்லாமல் இந்தியப் பதிவும் இல்லாமல், கர்நாடக எல்லையில் ஒரு சோதனையில் மாட்டினால் அவர் ஆவணமில்லாத வெளிநாட்டவர். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் வேறு, போலீஸ் வேறு.

ஆகவே போவதற்கு முன்போ, முடியாவிட்டால் போன ஒரு வாரத்துக்குள்ளோ, முகாம் தனி வருவாய் ஆய்வாளருக்கும் வட்டாட்சியருக்கும் ஒரு மனு ஸ்பீட் போஸ்டில் போக வேண்டும். வேலை நிமித்தம் வெளியே தங்குவதாகவும், சரிபார்ப்புக்கு வந்துவிடுவதாகவும், தன் பதிவைத் தொடர வேண்டும் என்றும் மூன்று வரி போதும். முகாம் ஆண்கள் பெயின்டிங் வேலைக்காக வெளியூர் தங்குவது சாதாரணம் என்பதால் இதில் யாருக்கும் சந்தேகம் வராது. அஞ்சல் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள். சரிபார்ப்பு நாளன்று அவரைக் கூட்டிப்போய், கூட்டிவர நம்பகமான ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டார் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தால்

கொடுப்பார்கள் என்று எண்ணியே தயாராகுங்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், எஸ். சுஷ்மா வழக்கில் தெளிவான உத்தரவு போட்டிருக்கிறார். காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர் பால்புதுமைச் சமூகத்தைச் சேர்ந்த வயதுவந்தவர், தன் விருப்பத்தோடு இருக்கிறார் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு மேலும் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். அந்த உத்தரவின் நகலைத் தமிழ்ச் சுருக்கத்தோடு எப்போதும் பையில் வைத்திருங்கள். 2022-ல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்களின் நலனுக்காக வேலை செய்பவர்களையும் போலீசார் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. உங்களையும் சேர்த்துத்தான் அது காக்கிறது. 2025 மே 22 அன்று அதே உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணைப் பெற்றோர் பிடித்துவைத்த வழக்கில், தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதையும் குடும்பமாக ஏற்று அவரை விடுவித்தது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: வயதுக்கான சான்றோடு, வழக்கறிஞர் ஒருவர் கூட வர, அவரே நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுப்பது. “என் விருப்பப்படி இருக்கிறேன், என் முகவரியை வீட்டாரிடம் தெரிவிக்க வேண்டாம்” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அன்று மாலையே அண்ணன்மார் வாசலில் நிற்பார்கள். காரணமாகத் தன் ஈர்ப்பைப் பற்றி எழுதத் தேவையில்லை. ‘குடும்பப் பிரச்சினை’ என்றாலே போதும். சுஷ்மா உத்தரவைச் சட்டப்படி முன்வைத்தால் அது வெளிப்படும் என்பதால், காட்டுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

வழக்கறிஞர் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகங்களில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவச உதவி உண்டு. குடியுரிமை அதற்கு நிபந்தனை இல்லை. யாராவது பூட்டிவைக்கப்பட்டிருந்தால் ஆட்கொணர்வு மனு போட வேண்டிய இடம் சென்னை. நம் இரு மாவட்டங்களும் மதுரைக் கிளையின் கீழ் வரவில்லை.

ஆவணப் பை

எல்லா ஆவணத்தையும் ஒரே நாளில் எடுத்து வரச் சொல்லாதீர்கள். பீரோவில் இருந்து மொத்தமாகக் காணாமல் போனால் வீடு விழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, அவர் மட்டும் திறக்கக்கூடிய மின்னஞ்சலில் ஏற்றி, போனிலிருந்து அழிப்பதே பாதுகாப்பு. முகாம் குடும்ப அட்டை, அகதி அடையாள அட்டை, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, வங்கிப் புத்தகம், இருந்தால் ஆதார், மருந்துச் சீட்டுகள், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றின் நகல். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்குத் தான் யார் என்று நிரூபிக்க அதுதான் நூல்.

உதவித்தொகை பற்றி ஒரு சொல். 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. கணக்கு குடும்ப அட்டையின் பேரில் நடப்பதால், வீட்டோடு சண்டை வந்தால் அவருடைய பங்கு அவர் கைக்கு வராமல் போகலாம். 18 வயது முடிந்தவர் தனி அட்டை கேட்டு மனுக் கொடுக்கலாம். வேறு முகாமுக்கு மாற்றம் கேட்டும் மனுக் கொடுக்கலாம். இரண்டிலும் காரணம் ‘தனிப்பட்ட பாதுகாப்பு’ என்று இருக்கட்டும். மனு பல மேசைகளைத் தாண்டிப் போகும், படிப்பவர்களில் ஒருவர் அதே முகாமுக்கு வந்துபோகிறவராக இருப்பார்.

திருநங்கை, திருநம்பிகளின் பெயர், பாலின மாற்றத்துக்கு 2019-ம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போகிறது. விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் படிவம், எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதைச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். தகவல் கசியும் ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, விசாரணைக்கு அலுவலர் முகாமுக்கே வருவது. “விசாரணையை அலுவலகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்” என்று விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் இணையுங்கள். மற்றொன்று ஆவணங்கள் முரண்படுவது. ஆதாரில் புதுப் பெயர், முகாம் பதிவேட்டில் பழைய பெயர் என்றாகிவிட்டால், பிற்பாடு வெளியேறும் அனுமதி கேட்கும்போது சென்னை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கோப்பு நின்றுவிடும். ஆட்சியர் சான்று வந்த பிறகு முகாம் பதிவேட்டைத் திருத்த எழுதிக் கேட்டு, அதன் ஒப்புகையைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் போங்கள். முகாம் பதிவேட்டில் மாறினால் முகாமுக்கே தெரியும். அதற்குத் தயாராக இல்லாதவரை அவசரப்படுத்தாதீர்கள். பழைய பெயரிலேயே பாதுகாப்பாக இருப்பது சில வருடங்களுக்குச் சரியான முடிவாக இருக்கக்கூடும்.

போலீசில் புகார் கொடுப்பதென்றால்

திருநருக்கு எதிரான வன்முறை, வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்துதல் இரண்டும் 2019 சட்டத்தின் 18-ம் பிரிவில் குற்றம். புகாரில் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், நிலையத்தில் பலருக்கு அது பழக்கமில்லை. அடித்தது, மிரட்டியது, பணம் பறித்தது ஆகியவற்றை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுப் பிரிவுகளிலும் சேர்த்து எழுதுங்கள். வயதுவந்த ஆண் மீதான பாலியல் வன்முறைக்கு அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு போன பிறகு அந்த இடம் வெற்றிடமாகவே கிடக்கிறது. பாதிக்கப்பட்டவரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நேர்மை. இல்லாத பிரிவில் வழக்குப் போடுவார்கள் என்று நம்பவைத்து நிலையத்துக்கு அழைத்துப் போகக் கூடாது.

ஓசூரில் இருக்கும் வேறு நாட்டவர்

உகாண்டாவின் ஒருபாலுறவு எதிர்ப்புச் சட்டம் (2023) சில சூழல்களில் மரண தண்டனை வரை போகிறது. தாலிபான் ஆளும் ஆப்கானிஸ்தானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படிக்கவோ மருத்துவத்துக்கோ பெங்களூரு வந்து, திரும்ப முடியாமல், வாடகை குறைவென்று ஓசூரில் தங்குகிறவருக்கு முதல் கேள்வி விசா எப்போது முடிகிறது என்பது. முடியும் முன்பே ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவுக்கு விண்ணப்பிப்பது நல்லது. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ‘யாருக்கும் தெரியாமல்’ அறை எடுத்துக் கொடுத்தால் வீட்டுக்காரரும் சேர்ந்து சிக்குவார். தங்கியிருப்பவருடைய நாட்டுத் தூதரகத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் போன் செய்யாதீர்கள்.

ஆணையத்தில் நடைமுறை இப்படிப் போகும்: பதிவு, பிறகு விண்ணப்பதாரர் என்ற சான்று, பிறகு நேர்காணல், பிறகு முடிவு. மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் ஆகும். எந்தக் கட்டத்திலும் கட்டணம் இல்லை. பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். கையில் வரும் அட்டை விசா ஆகாது. சோதனையில் அது உதவும், முழுக் காப்பு தராது. மூன்றாம் நாட்டில் குடியேற்றம் கிடைப்பவர்கள் மிகச் சிலர், அதை வாக்காகக் கொடுக்காதீர்கள்.

ஒருவரை அகதியாக ஏற்பதற்கு 1951 உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கான ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. பால்புதுமையினரின் கோரிக்கை பெரும்பாலும் நான்காவதில் வரும். இதை எப்படி ஆராய வேண்டும் என்று ஐ.நா. ஆணையம் 2012 அக்டோபர் 23 அன்று வெளியிட்ட 9-ம் எண் வழிகாட்டுதல் விரிவாகச் சொல்கிறது. அதன் சாரம் நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘உங்க ஊருல அடக்கமா இருந்துட்டா போதுமே’ என்ற வாதம் செல்லாது. 2010-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் ஈரானியர், கேமரூன்காரர் இருவர் வழக்கில் அதையே சொன்னது. உடல் பரிசோதனை தேவையில்லை. அந்தரங்கப் படம், வீடியோ எதையும் கொடுக்கக் கூடாது, கேட்டாலும் மறுக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-ல் அவற்றை மனித மாண்புக்கு எதிரானவை என்று ஒதுக்கியது. கல்யாணமாகிப் பிள்ளை இருப்பது கோரிக்கையைப் பொய்யாக்காது. முதல் நாளே சொல்லாமல் பிறகு சொன்னதும் பொய்யாக்காது.

சொந்த வாக்குமூலமே முதன்மைச் சான்று. ஆகவே அதை எழுத உதவுவதுதான் உங்கள் பெரிய வேலை. இங்கிலாந்து வழக்கறிஞர் எஸ். செல்வன் வகுத்த ஒரு வரிசை உலகமெங்கும் பயன்படுகிறது: தான் மற்றவர்களிடமிருந்து வேறு என்று உணர்ந்தது, அதைச் சுற்றம் இழிவாகப் பார்த்தது, அதனால் உள்ளே ஏறிய கூச்சம், இறுதியாக வந்த அல்லது வரக்கூடிய தீங்கு. படுக்கையறையைப் பற்றி ஒரு கேள்வியும் இதில் இல்லை. ஒரே உட்காரலில் எழுதி முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் இடங்களும் ஆண்டுகளும் மட்டும்: எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்த வீடு. நாள் நினைவில்லை என்றால் ‘பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அப்புறம்’ என்றே எழுதுங்கள். ஊகித்து ஒரு தேதி போட்டால் நேர்காணலில் அதுவே முரண்பாடாகத் தெரியும். பிறகு இன்னொரு நாள், நடந்தவை. எழுதியதை அவருடைய மொழியில் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வரியும் அவர் சொன்னதுதானா என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த உரிமைச் சொற்களை அவர் வாயில் வைக்காதீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர் வாக்குமூலத்தில் ‘பாலின அடையாள ஒடுக்குமுறை’ என்று வந்தால், உண்மையான கதையும் வாங்கிய கதையாகத் தோன்றும். கதை விற்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனவர்களால் உண்மையானவர்களின் நம்பகத்தன்மை தேய்கிறது.

நேர்காணலுக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: தனி நேர்காணல், விரும்பும் பாலினத்து அலுவலர், அப்படியே மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் தன் ஊர்க்காரராக இருந்தால் மாற்றக் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தோடு பதிவு செய்திருந்தாலும் வயதுவந்த ஒவ்வொருவரும் தனியே பேசலாம், சொன்னது குடும்பத்துக்குப் போகாது.

இலங்கைக்குத் திரும்பும் பேச்சு எழும்போது

குடும்பமே திரும்ப முடிவெடுக்கும்போது, உள்ளே ஒருவர் மட்டும் வாய் திறக்க முடியாமல் தவிப்பார். அங்கே ஒருபாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. 1995 திருத்தத்தோடு பெண்களும் அதற்குள் வந்தார்கள். ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு 2022-ல் ரோசன்னா ஃபிளேமர்-கால்டேரா வழக்கில் இந்தச் சட்டம் உரிமை மீறல் என்றது. அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் சட்டம் நீங்கவில்லை. தண்டனை தீர்ப்புகள் அரிது என்றாலும், மிரட்டவும் பணம் பறிக்கவும் அது போதும். திருநங்கைகள் மேல் பழைய நாடோடிகள் சட்டத்தையும் பிரயோகிக்கிறார்கள். மறுபக்கம், 2016 முதல் அங்கே பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. இரண்டையும் சொல்லுங்கள்; தேர்வு அவருடையது.

முகாமில் பிறந்து, அந்தத் தீவைப் பார்த்தே இராதவர் ‘எனக்கு அங்கே எதுவும் நடக்கலையே’ என்று தயங்குவார். நேற்று நடந்ததைவிட நாளை நடக்கக்கூடியதற்கே பாதுகாப்பு என்பதை விளக்குங்கள். திரும்புவது விருப்பத்தின் பேரில் மட்டுமே. அந்த விருப்பத்தை ஐ.நா. அலுவலகத்தில் தனியே கேட்கச் சொல்லலாம். குடும்பம் போய் அவர் மட்டும் இங்கே இருப்பதென்றால், குடும்பம் கிளம்பும் முன் தனி அட்டை கையில் வந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவரின் அட்டை ரத்தாகும்போது அதில் இருக்கும் பெயர்களும் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தபால் ஒப்புகை இங்கேயும் வேலைக்கு வரும்.

மருத்துவமனையில்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி முடிவு ரகசியம். ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை எதுவும் கிடையாது. அப்படிச் செய்வது மருத்துவருக்குரிய நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்திருக்கிறது. வீட்டார் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனால் அந்த மருத்துவரிடம் இந்த அறிவிப்பை எடுத்துச் சொல்லுங்கள். இடைப்பாலினக் குழந்தைக்கு உயிராபத்து இல்லாத நிலையில் ‘சரிசெய்யும்’ அறுவையைத் தமிழக அரசு 2019-ல் தடை செய்துவிட்டது. முகாமில் பிரசவமான தாய்க்கு இது தெரியாது, செவிலியர்கள் சொல்ல வேண்டும். ஹார்மோன் ஊசியைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கால் வீக்கம், ஒருபக்கக் கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், போட்ட மருந்தின் பெயரை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் குறிப்பேடு

பெயர், முகாம், ஈர்ப்பு மூன்றும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. குறியீட்டு எண்ணும் அடுத்து செய்ய வேண்டிய வேலையும் தேதியும் மட்டும் எழுதுங்கள். எண் யாருடையது என்ற பட்டியல் வேறோர் இடத்தில், வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். பொது வாட்ஸ்அப் குழுவில் ‘ஒரு கேஸ் வந்திருக்கு, நாகாவதிப் பக்கம், 19 வயசு’ என்று ஒருபோதும் போடாதீர்கள். இந்த அளவு தகவலில் அந்த முகாமில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். இன்னொரு அமைப்புக்கு அனுப்பும் முன், எதை, யாரிடம், எதற்குச் சொல்லப்போகிறோம் என்று அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். ஒருமுறை கொடுத்த சம்மதம் அடுத்த முறைக்குச் செல்லாது. பண உதவி செய்தால் சிறு தொகையாக, பஸ் கட்டணம், மருந்து என்று செலவின் பேரில் கொடுங்கள். முகாமில் ஒருவர் கையில் திடீரென்று பணம் புழங்கினால் கேள்விகள் எழும்.

வேலை முடிந்த கோப்பை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மேல்முறையீடோ வெளியேறும் அனுமதியோ நிலுவையில் இருந்தால் மட்டும், எந்தத் தாள் எதற்காகத் தேவை என்று மேலே எழுதி, அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். வீட்டில் வைக்க முடியாதவர் என்றால் அவர் கண் முன்னால் கிழித்துவிடுங்கள்.